படகுக் கடன்: மாதத் தவணையை மட்டும் பார்க்காதீர்கள்

உல்லாசப் படகு வாங்கப் போனால், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்றுதான் விற்பவர் முதலில் கேட்பார். அதற்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். கடன் காலத்தை நீட்டினால் எந்தத் தவணையையும் சிறியதாகக் காட்டிவிடலாம். 8 சதவீத வட்டியில் 100 கடன் வாங்கி 10 ஆண்டுகளில் அடைத்தால் வட்டி ஏறக்குறைய 46. அதையே 20 ஆண்டுகளுக்கு இழுத்தால் 101. வாங்கியதைவிட வட்டி அதிகம்!

அதோடு படகின் மதிப்பு வருடாவருடம் இறங்கும். முன்பணம் குறைவாகப் போட்டு, காலத்தையும் நீட்டினால், நடுவில் விற்க நேரும்போது விற்ற பணம் பாக்கிக் கடனுக்கே போதாமல் போகலாம். அதனால் முன்பணத்தை முடிந்தவரை கூட்டுங்கள்.

கடைக்குப் போகும் முன்பே இரண்டு மூன்று வங்கிகளில் கடன் நிபந்தனைகளைக் கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள். வட்டி நிலையானதா, மாறக்கூடியதா? செயலாக்கக் கட்டணம் எவ்வளவு? முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பழைய படகு என்றால், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு நிபுணரை வைத்து அடிப்பாகத்தையும் இன்ஜினையும் சோதித்துப் பாருங்கள். பல வங்கிகள் அந்த அறிக்கையைக் கேட்கும், கேட்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், காப்பீடு, நிறுத்துமிட வாடகை, எரிபொருள், பராமரிப்பு எல்லாவற்றையும் தவணையோடு கூட்டுங்கள். அந்த மொத்தத் தொகையை மூன்று மாதம் தனியாக எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, சிரமமில்லை என்றால் கையெழுத்துப் போடுங்கள்.