பட்டாளத்துத் தாத்தாவைப் பென்ஷன் காகிதத்தில் தேடும்போது செய்யக் கூடாத தவறுகள்

சேலம் பக்கம் ஊருக்கு ஒரு வீடாவது ‘பட்டாளத்துக்காரர் வீடு’ என்று இருக்கும். கேட்டால் பர்மா என்பார்கள், பஸ்ரா என்பார்கள், அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. எங்கள் அப்புச்சி அப்படிப்பட்ட ஒருவர்தான். ‘மெட்ராஸ் ரெஜிமெண்ட்’ என்று வீட்டில் எல்லோரும் சொன்னதை நம்பி நான் நீலகிரி வெலிங்டனில் உள்ள அதன் ஆவண அலுவலகத்துக்கு எழுதி எழுதிப் பார்த்தேன், அங்கே அப்படி ஒருவர் இல்லை. பிறகு அம்மாவின் பெட்டியில் கிடந்த பதக்கத்தின் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் இருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படையில். தேட வேண்டிய இடம் பெங்களூரு.

வீட்டில் சொல்லும் ரெஜிமெண்ட் பெயரை அப்படியே நம்புவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிற தவறு. தமிழர் என்றால் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அதன் பழைய பட்டாலியன்கள் 1928க்குள் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போதுதான் மறுபடி எழுப்பப்பட்டன, அதனால் 1930களில் சேர்ந்தவர் அதில் முழுநேரச் சிப்பாயாக இருந்திருக்க வழியில்லை. மெட்ராஸ் பயனியர்ஸ் என்றொரு படையும் இருந்தது, 1933இல் கலைத்துவிட்டார்கள். பீரங்கிப் படை என்றால் ஆவணம் நாசிக்கில், சிக்னல்ஸ் என்கிற தகவல் தொடர்புப் படை என்றால் ஜபல்பூரில், மருத்துவப் படை என்றால் லக்னோவில். தவறான இடத்துக்கு எழுதினால் ‘இங்கே இல்லை’ என்றுதான் பதில் வரும், எங்கே இருக்கும் என்று வராது.

அதனால் முதலில் தேட வேண்டியது அவருடைய பட்டாள நம்பர். டிஸ்சார்ஜ் புத்தகத்திலோ, பென்ஷன் ஆணையிலோ, பதக்கத்தின் ஓரத்திலோ அது இருக்கும். தயவுசெய்து பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துபோகும். போகிக்குப் பழைய டிரங்குப் பெட்டியைக் காலி செய்யும் முன் ஒவ்வொரு காகிதமாகப் பிரித்துப் பாருங்கள். மணியார்டர் துண்டு, பழைய கடித உறை எதுவாக இருந்தாலும் சரி, அதில் ஒரு நம்பர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, பென்ஷன் கோப்பு இல்லை என்றால் ஆள் பட்டாளத்திலேயே இல்லை என்று முடிவு கட்டிவிடுவது. இது மனதை உடைத்துவிடும், ஆனால் உண்மை இல்லை. பொதுவாக ஒரு சிப்பாய்க்குப் பென்ஷன் வர 15 ஆண்டு சர்வீஸ் வேண்டும். போர் சமயத்தில் சேர்ந்து 1946 வாக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஊனமுற்றோர் பென்ஷன் போன்ற விதிவிலக்கு தவிர மாதப் பென்ஷன் கிடையாது, கையில் ஒரு தொகை கொடுத்ததோடு சரி. பென்ஷன் இல்லாதவரின் சர்வீஸ் காகிதங்களை 25 ஆண்டு கழித்து அழித்துவிடுவது ராணுவ வழக்கம். ஆனால் படையில் சேர்ந்தவர்களின் பெயர்களை எழுதிவைக்கிற ‘லாங் ரோல்’ என்கிற பதிவேட்டை அழிப்பதில்லை. அதனால் கடிதத்தில் பொதுவாக ‘ஆவணங்கள் வேண்டும்’ என்று எழுதாமல், லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சேலத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள், ராணுவப் பென்ஷன் வராத உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாநில அரசு மாத உதவி கொடுத்ததால் அங்கே பெயர் இருக்கலாம்.

தியாகி பென்ஷனையும் பட்டாளப் பென்ஷனையும் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்தவருக்கு வந்தது சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியம், அதன் கோப்பு ராணுவத்திடம் இருக்காது.

ஊர்ப் பெயர் விஷயத்தில் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். பழைய காகிதத்தில் ‘சேலம் ஜில்லா’ என்று இருந்தால் இன்றைய சேலம் மட்டும் என்று எண்ணாதீர்கள். தருமபுரி பிரிந்தது 1965இல், நாமக்கல் 1997இல், அன்றைய ஜில்லாவில் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். ஏற்காட்டுக் குடும்பங்களில் ‘சேர்வராயன் மலை’ என்று மட்டும் சொல்வார்கள், காகிதத்திலோ கிராமமும் தாலுகாவும்தான் இருக்கும். பெயரின் ஆங்கில எழுத்தையும் ஒரே மாதிரி தேடாதீர்கள். முத்துசாமியை ஆங்கிலேய குமாஸ்தா ‘மூட்டூசாமி’ என்று படிக்கும்படி எழுதிவைத்திருப்பார். அப்பா பெயரும் ஊரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், வயது ஐந்தாறு முன்பின் இருந்தால் தள்ளிவிடாதீர்கள், அன்றைக்குப் பிறப்புச் சான்றிதழை யார் வைத்திருந்தார்கள்?

லண்டனில் எல்லாம் இருக்கும் என்பதும் வீண் நம்பிக்கை. அங்கே உள்ள பழைய பென்ஷன் பதிவேடுகள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள், சிப்பாய்களைப் பற்றியவை.

அப்புறம், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடிவிட்டுப் பெயர் இல்லையே என்று கலங்காதீர்கள். அது போர்க் காலத்தில் இறந்தவர்களின் பட்டியல் மட்டும், பென்ஷன் வாங்கி ஊரில் வாழ்ந்து மறைந்தவர் அதில் வர மாட்டார். திரும்பி வராதவரைத் தேடுகிறீர்கள் என்றால் அங்கேதான் தொடங்க வேண்டும். கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் ரங்கூன், சிங்கப்பூர் நினைவகங்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன, பல பதிவுகளில் இன்னாருடைய மகன், சேலம், இந்தியா என்று ஒரு வரியும் இருக்கும்.