பழைய கப்பல் விளக்கு: வீட்டில் மாட்டுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குஜராத்தின் அலங் கடற்கரையில் 1983 முதல் பழைய கப்பல்களை உடைத்து வருகிறார்கள். அங்கே கழற்றப்படும் பித்தளை, அலுமினிய விளக்குகள் கம்பிக் கூண்டோடு நம் வரவேற்பறைச் சுவர் வரை வந்துவிட்டன. கடல் உப்பைத் தாங்குவதற்கென்றே கெட்டியாக வார்த்த உடல், அதனால் கொடுக்கிற காசு வீண்போகாது.

ஆனால் வெளியே மட்டும் துடைத்துவிட்டு, உள்ளே இருக்கும் பழைய வயரோடு அப்படியே மாட்டுவது பெரிய தவறு. "பல்பு எரியுதே, அப்புறம் என்ன?" என்பார்கள். பழைய ரப்பர் உறை சூட்டில் காய்ந்து, மடக்கினாலே உதிரும். உதிர்ந்த இடத்தில் மின்சாரம் வரும் பேஸ் வயர் விளக்கின் உடலைத் தொட்டால், தூசி துடைக்கக் கை வைப்பவர் மீது 230 வோல்ட் பாயும். உள்ளே இருக்கும் வயர், ஹோல்டர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். உலோக உடலில் எர்த் கம்பியைத் திருகி முடுக்குவது கட்டாயம். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதே என்று எர்த்தை விட்டுவிடக் கூடாது, இரண்டும் வேண்டும்.

திருகு ஹோல்டர் என்றால் பேஸ் நடுமுனைக்கும் நியூட்ரல் மரைக்கும் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் விளக்கு எரியும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. பல்பு மாற்றும்போது விரல் மரையில் பட்டால் ஷாக் அடிக்கும். வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனை டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

உள்ளே வெள்ளை நார் போன்ற உறை இருந்தால் சுரண்ட வேண்டாம், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நாராக இருக்கலாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதனால் உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கூடாது.

பஃப் அடித்துத் தங்கம் போல மினுக்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. பல ஆண்டுகளில் படிந்த பழுப்பு நிறம் ஒரே மணி நேரத்தில் போய்விடும். சோப்புத் தண்ணீரும் மென்துணியும் போதும். வாங்கும்போதே காந்தம் வைத்துப் பாருங்கள்: உடலில் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு.

கண்ணாடி மூடிய விளக்கில் சூடு வெளியேறாது. மூடிய விளக்குக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருக்கும் எல்இடி பல்பையே, 2700 கெல்வின் மஞ்சள் ஒளியில், குறைந்த வாட்டில் வாங்குங்கள். 6500 கெல்வின் வெள்ளையில் பித்தளை களையிழந்து போகும்.

கூரையில் தொங்கவிடுவதானால் ஃபால்ஸ் சீலிங்கை நம்பாதீர்கள். கொக்கி கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும்.