பிரிகாபாலின் சாப்பிடுபவர்கள் செய்யும் தவறுகள்

சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கும், அக்கி ஆறிய பிறகும் விடாத வலிக்கும் பிரிகாபாலின் அல்லது காபாபென்டின் எழுதுகிறார்கள். குடித்துவிட்டுப் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்.

“அது வெறும் நரம்புச் சத்து மாத்திரைதானே”

வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டால், பிரிகாபாலினைப் பற்றி வரும் பதில் இது. கேட்டாலே எரிச்சல் வரும். நம் ஊர் மருந்துக் கடைகளில் பிரிகாபாலின் 75 மி.கி. பெரும்பாலும் மெத்தில்கோபாலமினோடு (வைட்டமின் பி12-இன் ஒரு வடிவம்) சேர்ந்தே கிடைக்கிறது. அதை வைட்டமின் என்று நினைப்பவர் அடுத்த டாக்டரிடம் சொல்லமாட்டார். எலும்பு டாக்டர் முதுகுவலிக்கு டிரமடால் எழுதுவார். தூக்கம் வராத இரவில், வீட்டில் கிடந்த அல்பிரசோலம் ஒன்று. இருமலுக்குக் கோடீன் சிரப். தனித்தனியே பார்த்தால் எதுவும் அளவு மீறவில்லை. ஆனால் எல்லாமே மூளையை மந்தமாக்குபவை. சேரும்போது மூச்சே தளர்ந்துவிடும். வயதானவர்களுக்கும் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரில் எச்சரித்தது.

சிறுநீரகம் கெட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பிரிகாபாலின் கல்லீரலில் சிதைவதில்லை, ஏறக்குறைய முழுவதும் சிறுநீரில்தான் போகிறது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கைத் தொடர்ந்து விழுங்கிக் கிரியாட்டினின் ஏறியவருக்கு, மாத்திரையைக் கூட்டாமலே ரத்தத்தில் மருந்து கூடும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 60 மி.லி.க்குக் கீழே போனால் டாக்டர் அளவைக் குறைத்தாக வேண்டும்.

தட்டி எழுப்பினாலும் கண் திறக்காமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால் உடனே 108.

வேறு பெயர், அதே மருந்து

வேறு வேறு கம்பெனிப் பெயரில் ஒரே மருந்தை இரண்டு முறை போட்டுவிடாமலிருக்க, அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

நார்ட்ரிப்டிலின் கலந்த மாத்திரையோடு டிரமடால்

சில மாத்திரைகளில் பிரிகாபாலினோடு, மனச்சோர்வுக்கும் தரும் நார்ட்ரிப்டிலினும் கலந்திருக்கும். அதோடு டிரமடால் சேர்ந்தால், மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருள் அளவு மீறி நடுக்கம், படபடப்பு, காய்ச்சல் வரலாம். வலிப்பும் வரலாம். நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் தரும் டுலாக்செட்டினோடு டிரமடால் சேர்ந்தாலும் இதே கதைதான்.

பியோகிளிட்டசோன்

இது சர்க்கரை மாத்திரை. இதுவும் பிரிகாபாலினும் இரண்டுமே கால் வீக்கமும் எடையும் தருபவை. இதய பலவீனம் உள்ளவர்கள் வீக்கத்தை அலட்சியப்படுத்தக் கூடாது.

நெஞ்செரிச்சல் மருந்து

இது காபாபென்டினுக்கு மட்டும். அலுமினியம், மெக்னீசியம் உள்ள ஆன்டாசிட் குடித்தால் 2 மணி நேரம் கழித்தே மாத்திரை. சேர்த்துப் போட்டால் மருந்தில் ஒரு பகுதி உடம்பில் சேராது.

பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்துவது

அதுவும் தவறு. தூக்கமின்மை, குமட்டல், வியர்வை வரும். வலிப்பு நோய் உள்ளவருக்கு வலிப்பே திரும்பலாம். டாக்டர் சொல்படி, குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.