தலைவர்கள் பேச்சில் சங்கேதம் தேடும்போது செய்யும் தவறுகள்

2017 அக்டோபர் 5. வெள்ளை மாளிகையில் ராணுவ உயரதிகாரிகளோடு படமெடுக்க நின்ற டிரம்ப், “இது புயலுக்கு முந்தைய அமைதியாக இருக்கலாம்” என்றார். என்ன புயல் என்று செய்தியாளர்கள் கேட்டதற்கு, தெரிந்துகொள்வீர்கள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நடந்தது அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் ‘கியூ’ என்ற பெயரில் ஒருவர் இணையத்தில் எழுத ஆரம்பித்தார். ஹிலாரி கிளிண்டன் அக்டோபர் 30 அன்று கைதாவார் என்பது முதல் கணிப்பு. அவர் எழுதியதை நம்பித் திரண்ட ‘கியூஅனான்’ என்ற சதிக்கோட்பாட்டுக் கூட்டத்துக்கு, டிரம்ப் சொன்ன புயல் அவருடைய எதிரிகளைக் கூண்டோடு பிடிக்கப்போகும் நாளாகிவிட்டது. ஹிலாரி கைதாகவில்லை, கூட்டமும் கலையவில்லை.

இப்படி ஒரு வாக்கியம் கண்ணில் பட்டதும் “அவர் உண்மையில் என்ன சொல்ல வந்தார்?” என்று தொடங்குவதுதான் முதல் தவறு. யாரிடம், எங்கே, எந்தக் கேள்விக்குச் சொன்னார் என்று பார்த்தபிறகு வர வேண்டிய கேள்வி அது. சில பேச்சுக்குள் ஒன்றுமே இருக்காது. அதுதான் சங்கேதம் தேடுபவர்களுக்கு வசதி, யாரும் எதையும் போட்டு நிரப்பலாம்.

தேதிப் பொருத்தத்தில் மயங்குவது இன்னொன்று. மூத்த புஷ் ‘புதிய உலக ஒழுங்கு’ பற்றி நாடாளுமன்றத்தில் பேசியது 1990 செப்டம்பர் 11. அன்று அவர் பேசியது குவைத்தை ஈராக் பிடித்ததைப் பற்றி. 2001-ல் அதே தேதியில் அமெரிக்காவின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட பிறகு, அந்தத் தேதியைத் தோண்டியெடுத்து, ‘அப்போதே சொல்லிவிட்டார்’ என்கிறார்கள். ஒரு அதிபர் பேசிய நாட்களையெல்லாம் வரிசையாக வைத்தால் ஏதாவது ஒன்று எதனோடாவது பொருந்தத்தான் செய்யும்.

கணிப்பு பொய்த்தால் தானாகத் தெளிந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2021 ஜனவரி 20 அன்று பைடன் பதவியேற்றார், புயல் வரவில்லை. உடனே நாள் மார்ச் 4-க்குத் தள்ளிப்போனது. முற்காலத்தில் அதிபர்கள் பதவியேற்ற தேதி அதுதானாம்! தானே விடுவித்த புதிரை யாரும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. பேசியவர் மறுத்தால் மறைக்கிறார், மறுக்காவிட்டால் ஒப்புக்கொள்கிறார். அதனால் “என்ன நடந்தால் இது தவறென்று ஒத்துக்கொள்வீர்கள்?” என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

சரி, பேசியவர்மேல் குற்றமே இல்லையா? இருக்கிறது. 2020 ஆகஸ்டில் கியூஅனான் பற்றிக் கேட்டபோது, அதிகம் தெரியாது, ஆனால் தன்னை அவர்களுக்குப் பிடிக்கும் என்று கேள்விப்பட்டதாக டிரம்ப் சொன்னார். மறுக்கக் கிடைத்த வாய்ப்பை அவர் பயன்படுத்தவில்லை. அதையும் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம், கிண்டலுக்காக இப்படிப்பட்ட பேச்சின் துணுக்குக் காணொளியைப் பகிர்வது. உங்கள் கிண்டல் வழியில் உதிர்ந்துவிடும், காணொளி மட்டும் போய்ச்சேரும். சொல்லியே ஆக வேண்டுமென்றால் முழுப் பேச்சின் இணைப்பைக் கொடுங்கள்.