சீஸ் கட்டியை வில்லை போட எந்த ஸ்லைசர் வாங்கலாம்?

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு முதல் சீஸ் ஸ்லைசர் வந்த அன்று, மாமியார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஆசாரி வெச்சிருக்கிற இழைப்புளி மாரி இருக்குது?" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு விசாரித்தால், அவர் சொன்னதுதான் சரி. அந்தக் கருவியை உருவாக்கியவர் நார்வே நாட்டு லில்லஹாமர் ஊரைச் சேர்ந்த தோர் பியோர்க்லுண்ட் என்ற தச்சர். தொழிலுக்கு வைத்திருந்த, மரத்தைச் சீவும் இழைப்புளியைப் பார்த்துத்தான் இதைச் செய்து, 1925-இல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். வெயில் நாளில் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த சீஸ் இளகி ஒட்டிக்கொண்டதால் வந்த யோசனை என்று ஒரு கதையும் உண்டு. லில்லஹாமர் வெயிலுக்கே அப்படி என்றால், அக்னி நட்சத்திரத்தில் வேலூருக்கு வந்திருந்தால் மனிதர் என்ன செய்திருப்பாரோ.

அந்த இழைப்புளி எங்கள் வீட்டில் உதவவில்லை. கருவியில் குறை இல்லை. அது கொஞ்சம் இறுகிய சீஸுக்கு ஆனது. எங்கள் ஃபிரிட்ஜில் இருந்ததோ நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ப்ராசஸ்டு சீஸ் கட்டி. தகட்டில் அப்பிக்கொண்டு மெழுகுபோலச் சுருண்டதே தவிர, ஒரு வில்லைகூட முழுதாக வரவில்லை. அதனால்தான் ஸ்லைசரைப் பார்ப்பதற்கு முன்னால் சீஸைப் பாருங்கள் என்கிறேன்.

முதல் படி: ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள்

அட்டைப் பெட்டிக்குள் வெள்ளித்தாள் சுற்றி வரும் ப்ராசஸ்டு சீஸ், மொசரெல்லா கட்டி, கெட்டிப் பனீர், இதெல்லாம் மென்மையான ரகம். இவற்றுக்குக் கம்பி வைத்த ஸ்லைசர் வேண்டும். கௌடா, கொஞ்சம் முதிர்ந்த செடார் போன்றவை இறுகிய ரகம். தகடு வைத்த இழைப்புளி வகை இவற்றுக்குப் பொருந்தும். பார்மஸான் போலக் கல்லாக இருப்பதற்கு ஸ்லைசரே வேண்டாம், உருளைக்கிழங்கு சீவும் பீலர் போதும். மெல்லிய சீவலாக அழகாக வரும், தனியாகக் காசும் செலவில்லை.

சீஸ் தோசைக்கு மட்டும்தான் வாங்குகிறீர்களா? அப்படியானால் கேரட் துருவியே போதும். ஸ்லைசர் தேவைப்படுவது சாண்ட்விச், பர்கர், பிரெட் டோஸ்ட் வேலைக்குத்தான்.

இரண்டாம் படி: வகையைத் தீர்மானிப்பது

சாதாரணக் கத்தியில் சீஸ் வெட்டினால் ஏன் ஒட்டுகிறது? கத்தியின் இரண்டு பக்கமும் சீஸோடு உரசிக்கொண்டே இறங்குகின்றன. அகலமான உலோகப் பரப்பு, ஈரமும் கொழுப்பும் உள்ள சீஸ், ஒட்டாமல் என்ன செய்யும்? மெல்லிய கம்பியில் ஒட்டிக்கொள்ளப் பரப்பே இல்லை. அதனால்தான் மென்மையான சீஸைக் கம்பி சுத்தமாக அறுக்கிறது. சில சீஸ் கத்திகளின் தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கம்பி வகையில் வீட்டுக்கு ஏற்றது உருளை வைத்த மாடல். ஒரு கைப்பிடி, அதிலிருந்து கவட்டைபோலப் பிரியும் இரண்டு கை, நடுவே இழுத்துக் கட்டிய கம்பி, அதற்கு இணையாக ஒரு உருளை. உருளை சீஸின் மேல் உருண்டு வர, கம்பி உள்ளே அறுத்துக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் வில்லையின் கனம். திருகைத் திருப்பினால் இந்த இடைவெளி மாறும் மாடலும் உண்டு. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பலகையோடு கம்பி வைத்த வகையும் இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும், அடுப்படி மேடையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவை சாண்ட்விச் செய்யும் வீட்டுக்கு அது எதற்கு?

மூன்றாம் படி: கடையில் கையால் சோதிப்பது

லாங்கு பஜார் பக்கம் பாத்திரக் கடையில் ஏறி "சீஸ் கட்டர்" என்று கேட்டேன். முதலில் பீட்சா வெட்டும் சக்கரத்தை எடுத்துக் காட்டினார்கள், அடுத்தது துருவி. "கம்பி வெச்சது, உருளை இருக்கும்" என்று சொன்ன பிறகுதான் மேல் அலமாரியிலிருந்து சரியானது இறங்கியது. நீங்களும் அப்படியே கேளுங்கள். போகும் முன் ஒரு வேலை: உங்கள் சீஸ் கட்டியின் அகலத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். கம்பி அதைவிட ஒரு செ.மீ.யாவது நீளமாக இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கினால் ஒவ்வொரு தடவையும் கட்டியை முதலில் கத்தியால் இரண்டாகப் பிளக்க வேண்டிவரும்.

கையில் எடுத்ததும் கம்பியை விரலால் லேசாகச் சுண்டுங்கள். "டிங்" என்று கேட்டால் நன்றாக இழுத்துக் கட்டியிருக்கிறது. தொய்ந்த கம்பி வில்லையின் நடுவில் வளைந்துவிடும், வில்லை ஒரே கனமாக வராது. உருளை தடையில்லாமல் சுற்றுகிறதா? கம்பியும் உருளையும் இரு முனையிலும் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா? வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம், மாற்றுக் கம்பி. இதுதான் முக்கியம். கம்பி என்றைக்காவது அறுந்தே தீரும். கம்பியைத் திருகால் பிடித்திருந்தால் கழற்றிப் புதிது போடலாம். ஒரேயடியாக அடித்துப் பொருத்தியிருந்தால், அறுந்த அன்றே மொத்தத்தையும் பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டியதுதான். பெட்டிக்குள் உபரிக் கம்பி வைத்துத் தருகிறார்களா என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு தம்பி "கிடார் கம்பி போட்டுக்கலாம் அக்கா" என்று யோசனை சொன்னான். வேண்டாம். அதன் மேல்பூச்சு சாப்பாட்டுப் பொருளுக்கென்று செய்ததல்ல.

தகடு வகை வாங்குபவர்கள் காந்தம் எடுத்துப் போய் "ஒட்டுது, அதனால எவர்சில்வர் இல்லை" என்று தள்ளிவிடாதீர்கள். பாத்திரத்துக்கு ஆகும் 304 என்ற எவர்சில்வர் ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், அதில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் கூர் நிற்க வேண்டிய தகடுகளை 420 போன்ற எவர்சில்வர் ரகத்தில் செய்வார்கள், அதில் ஒட்டும். நிக்கலைக் குறைத்துச் செய்யும் மலிவு 200 வரிசையிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. ஆகவே காந்தம் இங்கே நல்ல சாட்சி இல்லை.

நான்காம் படி: வில்லை போடுவது

சீஸைப் பரிமாறும் முன் கொஞ்ச நேரம் வெளியே வைக்கச் சொல்வது குளிர் நாட்டு வழக்கம். மே மாதம் 40 டிகிரி தாண்டும் ஊரில் அது நடக்காது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வெட்டுங்கள். வெள்ளித்தாளைத் தேவையான அளவுக்கு மட்டும் பிரியுங்கள், மீதித் தாளோடு பிடித்தால் கட்டி வழுக்காது.

கம்பியைத் தண்ணீரில் ஒரு முறை நனைத்து உதறுங்கள். உருளை கட்டியின் முனைப்பக்கத்தில் படியட்டும், கம்பி மேலே உட்காரட்டும். இனி நேராகக் கீழே அழுத்துங்கள். ரம்பம்போல முன்னும் பின்னும் இழுக்காதீர்கள், அதில்தான் வில்லை கோணலாகும். கைப்பிடியைச் சாய்த்தால் கனம் மாறும், ஆகவே ஆரம்பத்தில் பிடித்த கோணம் கடைசி வரை இருக்கட்டும். முதல் இரண்டு வில்லை அசிங்கமாகத்தான் வரும், அவை சமைப்பவருக்கு. சீஸை வீணாக்க மனமில்லையென்றால் வேகவைத்து ஆறிய உருளைக்கிழங்கில் பழகலாம். பச்சைக் கிழங்கில் வேண்டாம், கம்பி போய்விடும்.

எவ்வளவு கனம்? 10 ஸ்லைஸ் கொண்ட 200 கிராம் பாக்கெட்டில் ஒன்று 20 கிராம். வீட்டில் சின்னத் தராசு இருந்தால் உங்கள் வில்லையை அதோடு ஒப்பிட்டுத் திருகைச் சரிசெய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. ஃப்ரீசரில் வைத்த மொசரெல்லாவை அப்படியே கம்பியில் அறுக்காதீர்கள். என் முதல் கம்பி அறுந்தது அப்படித்தான், அதுவும் காட்பாடியிலிருந்து அக்கா குடும்பம் பீட்சா சாப்பிட வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில். முந்தின இரவே கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: கழுவுவது

முதலில் பச்சைத் தண்ணீர். எடுத்தவுடன் சுடுதண்ணீர் ஊற்றினால் சீஸ் இளகி உருளையின் இடுக்குக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பழைய பல் பிரஷால் இடுக்கைத் தேய்த்து, அப்புறம் சோப்பு போடலாம். கைப்பிடி அலுமினியமாக இருந்தால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் உப்பு, காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் படியும், அதனால் கழுவியதும் துணியால் துடைத்துவிடுகிறேன். கம்பியின் மேல் எடை எதுவும் விழாதபடி ஆணியில் மாட்டி வைப்பது நல்லது.

அந்த முதல் இழைப்புளி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாமியார் எடுத்துக்கொண்டார். வெள்ளரிக்காய் சீவ அதைவிட நல்ல சாமான் இல்லையாம்.