பென்டிரைவில் எல்லாமே ஷார்ட்கட்டாக மாறிவிட்டதா?

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்து பென்டிரைவைச் செருகினால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக நிற்கிறதா, பதறி ஃபார்மட் போட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் உங்கள் ஃபைல்கள் அழியவில்லை, வைரஸ் அவற்றை மறைத்து வைத்துவிட்டுப் போலி ஷார்ட்கட்டை முன்னால் நிறுத்தியிருக்கிறது. அதை மட்டும் கிளிக் செய்யாதீர்கள். கிளிக் செய்தால் அது கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிடும்.

ஏற்கெனவே கிளிக் செய்தாயிற்றா? சரி, பென்டிரைவைக் கழற்றிவிட்டு முதலில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, துடைக்கத் துடைக்கத் திரும்ப வருகிறதே என்று புலம்புவார்கள். விண்டோஸ் 10, 11-இல் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டர் (விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்) ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் முழுதாகக் கிளம்பும் முன்பே தேடுவதால் வைரஸுக்கு ஒளிய இடம் குறைவு. சுமார் 15 நிமிடம் ஆகும்.

அப்புறம் பென்டிரைவைச் செருகி, திறக்காமலே ரைட் கிளிக் செய்து ஸ்கேன் செய்யுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் மறைந்த ஃபைல்களைக் (Hidden items) காட்டச் சொன்னால் உங்களுடையது பெரும்பாலும் தெரியும், அதை மட்டும் காப்பி செய்துகொண்டு ஃபார்மட் போடுங்கள். வைரஸ் திருடியிருக்கலாம் என்பதால் பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள்.

அடுத்த முறை கடைக்குப் பென்டிரைவே வேண்டாம், பிடிஎஃப்-ஐ மெயிலில் அனுப்பிவிடுங்கள். கிராக் சாஃப்ட்வேர் (காசு கட்டாமல் ஓட்டப் பூட்டை உடைத்த திருட்டு சாஃப்ட்வேர்) இருந்தால் அதையும் தூக்குங்கள்.