கடல் பாட்டு ஆல்பத்தை எடைபோடும்போது சறுக்கும் இடங்கள்

வேலூரிலிருந்து கடலைப் பார்க்க 130 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும், பாலாற்றில் தண்ணீர் ஓடினாலே பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் நம்முடையது. ஆனாலும் பாய்மரக் கப்பல் மாலுமிகளின் பழைய கடல் பாட்டுத் தொகுப்புகள் மேல் எனக்கு ஒரு கிறுக்கு. வாங்கி ஏமாந்தது நிறைய, நல்லதைக் குப்பை என்று ஒதுக்கியதும் உண்டு.

ஒதுக்கியதற்குக் காரணம் ஹெட்போன். கரகரவென்று இரைச்சல், நடுவில் இருமல், கிழட்டுக் குரல், இதெல்லாம் ஒரு பதிவா என்று பாதியில் நிறுத்தினேன். ஜேம்ஸ் கார்பென்டர் என்ற அமெரிக்கர் 1928க்குப் பிறகு பிரிட்டன் துறைமுகங்களில் வயதான மாலுமிகளைத் தேடிப்போய் மெழுகு உருளையில் பிடித்துவைத்த பாட்டுகள் வேறெப்படி இருக்கும்? பாய்மரக் கப்பலில் நிஜமாகவே கயிறு இழுத்தவர்களின் தொண்டை அது.

அதைவிடப் பெரிய தவறு, எந்த வேலைக்காகப் பாடியது என்பதை மறந்துவிட்டு மெட்டை மட்டும் கேட்பது. இதை எனக்குப் புரியவைத்தது கடல் இல்லை, கிணறு. எங்கள் தாத்தா ஏற்றம் இறைத்தவர். மேலே மரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார், கீழே ஒருவர் தண்ணீர் மொள்ளும் ‘சால்’ என்ற பாத்திரத்தைப் பிடித்துக் கவிழ்ப்பார், எத்தனை சால் ஆயிற்று என்ற கணக்கே பாட்டுக்குள் வரும். சால் மூழ்கி நிரம்புகிற நேரத்துக்குப் பாட்டு காத்திருக்கும். திண்ணையில் சும்மா பாடிக்காட்டும்போதும் தாத்தா அந்த இடத்தில் நிறுத்துவார், கை தானாகக் கீழே இறங்கும்.

கப்பல் பாட்டும் அதே ரகம்தான். பாயை ஏற்றும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டில் இரண்டு இழுப்பு இழுப்பார்கள். நங்கூரம் தூக்க உருளையைச் சுற்றி நடக்கிற பாட்டில் அந்த வெட்டு இருக்காது, நடை சீராகப் போகும். நம் மீனவர்கள் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டிலும் ‘ஏலேலோ’ விழுகிற இடத்தில்தான் கைகள் சேரும். அதனால் ஒரு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டோடு இழுத்துப் பாருங்கள், பக்கத்து வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும். இழுக்க இடமே கொடுக்காமல் இடைவெளியையெல்லாம் டிரம்ஸால் அடைத்து, எல்லாப் பாட்டையும் ஒரே வேகத்தில் ஓட்டியிருந்தால் அந்த ஆல்பத்தைக் கீழே வைத்துவிடலாம்.

கடல் என்ற சொல் வந்தாலே வேலைப்பாட்டு என்று நினைப்பதும் சரியில்லை. 2021இல் உலகமே பாடிய ‘வெல்லர்மேன்’ திமிங்கல வேட்டையைப் பற்றிய கதைப்பாட்டு, கயிறு இழுக்கப் பாடியது இல்லை. இரண்டு வகையும் ஒரே தொகுப்பில் இருக்கலாம், ஆனால் எது எது என்று குறிப்பில் சொல்லியிருக்கவேண்டும். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருஷம் என்று எதுவுமே இல்லாமல் ‘பாரம்பரியப் பாடல்’ என்று மட்டும் அச்சடித்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். வார்த்தைகள் ரொம்ப நாகரிகமாக இருந்தாலும்தான்: மாலுமிகளின் பச்சையான வரிகளைச் சேகரித்தவர்களே மாற்றி அச்சிட்டிருக்கிறார்கள், ஸ்டான் ஹியூகில் உட்பட.

அப்புறம் எண்ணிக்கை. 50 பாட்டு என்று அட்டையில் பார்த்து மயங்கி நான் வாங்கிய ஒன்றில், ஏற்கெனவே என்னிடம் இருந்த இரண்டு ஆல்பங்களின் பதிவுகளே பாதிக்கு மேல். பாடகர் பெயரையும் நிமிடக் கணக்கையும் ஒப்பிட்டிருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். புதிதாக அவர்கள் சேர்த்தது அலைச் சத்தம் மட்டும்தான், அதுவும் எல்லாப் பாட்டிலும் ஒரே அலை.